டிரான்ஸ்ஃபருக்கு முன் எங்கே சேர்வது: கம்யூனிட்டி காலேஜா, தரவரிசையில் பின்தங்கிய பல்கலைக்கழகமா?

ஏப்ரல் மாதம் பிறந்ததும் கலிஃபோர்னியாவின் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரே பேச்சுதான். பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியாகோ ஆகிய மூன்றும் கைவிரித்துவிட்டன. எதற்கும் இருக்கட்டும் என்று விண்ணப்பித்து வைத்திருந்த ஒரு பல்கலைக்கழகம் மட்டும் இடம் கொடுத்திருக்கிறது. பிள்ளையோ, "இரண்டு வருடம் கழித்து டிரான்ஸ்ஃபர் ஆகிக்கொள்கிறேன்" என்கிறது. அந்த இரண்டு வருடங்களைக் கிடைத்த பல்கலைக்கழகத்தில் கழிப்பதா, வீட்டுக்கு அருகிலுள்ள கம்யூனிட்டி காலேஜில் கழிப்பதா என்பதை மே 1ஆம் தேதிக்குள் முடிவு செய்தாக வேண்டும். இந்த வழிகாட்டி அந்த முடிவுக்காக எழுதப்பட்டது. என் வீட்டிலும் இதே கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்திருக்கிறோம் என்பதால், போகிற போக்கில் என் சொந்த அபிப்பிராயங்களும் வந்து விழும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஊரிலிருக்கும் பாட்டியிடம் "கம்யூனிட்டி காலேஜ்" என்று சொன்னால், தமிழ்நாட்டில் தொழிற்பயிற்சி தரும் சமுதாயக் கல்லூரியை நினைத்துக்கொண்டு அவர் கவலைப்படுவார். அமெரிக்கக் கம்யூனிட்டி காலேஜில் தொழிற்பயிற்சியும் உண்டு. ஆனால் நான்காண்டுப் பட்டப்படிப்பின் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களையும் அங்கே படித்து முடித்து, மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகத்துக்குள் நுழையலாம். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்வதைச் சொன்னால் ஊரில் யாருக்கும் எளிதில் விளங்கிவிடும். இங்கே அந்தச் சேர்க்கை ஓராண்டு தள்ளி நடக்கிறது. இறுதியில் கையில் வரும் பட்டச் சான்றிதழ், முதலாண்டிலேயே சேர்ந்தவருக்குக் கிடைப்பதேதான்.

பெரும்பாலான பெற்றோர் இரண்டு கல்லூரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது உயர்ந்தது என்று பார்க்கிறார்கள். டிரான்ஸ்ஃபர்தான் நோக்கம் என்றால் அந்த ஒப்பீட்டால் பெரிய பயன் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை முதலில் எழுதி வையுங்கள்; அந்தப் பல்கலைக்கழகம் டிரான்ஸ்ஃபர் மாணவர்களை எங்கிருந்து எடுக்கிறது என்று பாருங்கள்; பிறகுதான் தொடங்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பேருந்தில் ஏறும் முன் பலகையைப் பார்ப்பது போன்ற எளிய காரியம்தான், ஆனால் ஏப்ரல் மாதப் பதற்றத்தில் இதைச் செய்பவர்கள் குறைவு.

கலிஃபோர்னியாவில் இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் உண்டு. 1960ஆம் ஆண்டின் உயர்கல்விப் பெருந்திட்டம், கம்யூனிட்டி காலேஜ்களிலிருந்து யூசி (கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம்; பெர்க்லி, யூசிஎல்ஏ எல்லாம் இதன் வளாகங்கள்) வளாகங்களுக்குச் செல்லும் வழியை மாநிலக் கொள்கையாகவே ஆக்கியது. யூசி வளாகங்கள் டிரான்ஸ்ஃபர் விண்ணப்பங்களைப் பார்க்கும்போது கலிஃபோர்னியக் கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கு முதல் முன்னுரிமை தருகின்றன. வேறொரு யூசி வளாகத்திலிருந்து வருபவர்கள் அதற்கு அடுத்த வரிசையில் நிற்கிறார்கள்; கால் ஸ்டேட் (மாநிலத்தின் மற்றொரு அரசுப் பல்கலைக்கழக அமைப்பு) வளாகங்கள், தனியார் பல்கலைக்கழகங்கள், வெளிமாநிலக் கல்லூரிகள் ஆகியவற்றின் மாணவர்கள் அவர்களுக்கும் பின்னால். யூசிக்கு டிரான்ஸ்ஃபர் ஆகும் மாணவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் கம்யூனிட்டி காலேஜ்களிலிருந்து வருபவர்கள். யூசிஎல்ஏ, முதலாண்டுக்கு விண்ணப்பிப்பவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேரைக்கூடச் சேர்த்துக்கொள்வதில்லை. டிரான்ஸ்ஃபருக்கு விண்ணப்பிப்பவர்களிலோ ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இடம் தருகிறது.

இதற்கு மேல் டேக் என்று சுருக்கமாக அழைக்கப்படும் சேர்க்கை உத்தரவாதத் திட்டம் ஒன்று இருக்கிறது. டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா க்ரூஸ் ஆகிய ஆறு வளாகங்களும், குறிப்பிட்ட பாடங்களையும் ஜிபிஏ எனும் சராசரி மதிப்பெண்ணையும் எட்டிய கம்யூனிட்டி காலேஜ் மாணவருக்கு முன்கூட்டியே இடத்தை உறுதி செய்கின்றன. பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியாகோ மூன்றிலும் இது கிடையாது. ஒருவர் ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் டேக் விண்ணப்பம் போட முடியும். மற்ற வளாகங்களுக்கு வழக்கமான முறையில் விண்ணப்பிக்கத் தடையில்லை. பொறியியல், கம்ப்யூட்டர் சயின்ஸ் போன்ற போட்டி மிகுந்த துறைகளைச் சில வளாகங்கள் டேக்கிலிருந்து விலக்கி வைத்திருக்கின்றன. நம் வீட்டுப் பிள்ளைகளில் பாதிப் பேர் விரும்புவது அந்தத் துறைகளைத்தான் என்பதால், "டேக் இருக்கிறது, கவலையில்லை" என்று யாராவது ஆறுதல் சொன்னால், உங்கள் துறைக்கு உண்டா என்று அதே ஆண்டின் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே, இலக்கு யூசி என்றால், தரவரிசையில் கீழே உள்ள தனியார் அல்லது வெளிமாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கு 50,000 டாலர் கட்டிச் சேர்ந்து, அங்கிருந்து யூசிக்கு மாறலாம் என்று திட்டமிடுவது அதிகப் பணம் கொடுத்து வரிசையின் கடைசியில் நிற்பதற்குச் சமம். இதை நான் தயங்காமல் சொல்வேன்.

கட்டணத்தைப் பார்ப்போம். மாநிலவாசிகளுக்குக் கம்யூனிட்டி காலேஜில் ஒரு செமஸ்டர் யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு) 46 டாலர். டிரான்ஸ்ஃபருக்குத் தேவையான 60 யூனிட்டுக்கு 2,760 டாலர். ஆண்டை செமஸ்டருக்குப் பதில் குறுகிய பருவங்களாகப் பிரிக்கும் டி ஆன்ஸா போன்ற குவார்ட்டர் முறைக் கல்லூரியில் யூனிட்டுக்கு 31 டாலர், 90 யூனிட் வேண்டும். கிட்டத்தட்ட அதே தொகைதான். முதன்முறையாகக் கல்லூரியில் சேர்ந்து முழுநேரம் படிப்பவர்களுக்கு இரண்டாண்டு கட்டணத்தையே தள்ளுபடி செய்யும் கல்லூரிகளும் பல உண்டு. கால் ஸ்டேட்டில் ஓராண்டுக் கல்விக் கட்டணமே 6,000 டாலரைத் தாண்டுகிறது. யூசியில் ஏறத்தாழ 15,000. விடுதிச் செலவு தனி.

இனி, மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துச் செய்ய வேண்டிய வேலை. அசிஸ்ட் என்ற பெயரில் கலிஃபோர்னியாவின் பொதுக் கல்லூரிகளுக்கான அதிகாரபூர்வப் பாடப் பொருத்தத் தளம் இருக்கிறது. கல்வியாண்டு, உங்கள் கல்லூரி, போக வேண்டிய வளாகம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்து, மேஜரை (முதன்மைத் துறையை) சொடுக்கினால் இரண்டு பத்திகள் வரும். இடப்பக்கம் பல்கலைக்கழகத்தின் பாடம். வலப்பக்கம் அதற்கு ஈடாக உங்கள் கல்லூரி தரும் பாடம். வலப்பக்கத்தில் இரண்டு பாடங்கள் "அண்ட்" என்ற சொல்லால் இணைக்கப்பட்டிருந்தால் இரண்டையும் முடித்தால்தான் இடப்பக்கத்து ஒரு பாடத்துக்கு மதிப்பு உண்டு; ஒன்றை மட்டும் முடித்தால் அந்தத் தேவை நிறைவேறாது. வலப்பக்கத்தில் "நோ கோர்ஸ் ஆர்ட்டிகுலேட்டட்" என்று இருந்தால், அந்தப் பாடத்துக்கு ஈடானது உங்கள் கல்லூரியில் இல்லை என்று பொருள். அதைப் பக்கத்து ஊர்க் கம்யூனிட்டி காலேஜில் எடுக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். வளைகுடாப் பகுதியில் ஃப்ரீமான்ட்டின் ஓலோனியில் சேர்ந்து ஒரு பாடத்தை மட்டும் டி ஆன்ஸாவிலோ மிஷன் காலேஜிலோ எடுப்பது சர்வ சாதாரணம்.

இந்தப் பக்கத்தை மூன்று இலக்கு வளாகங்களுக்குத் தனித்தனியாக எடுத்து, அச்சிட்டு, ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பொதுவான பாடங்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். ஒரே மேஜருக்கே டேவிஸ் கேட்பதும் அர்வைன் கேட்பதும் வேறுபடும். எங்கள் வீட்டில் இந்த வேலைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாகப் போயிற்று. அதற்கு முன் கல்லூரிக் கவுன்சிலர் ஒருவர் வாய்மொழியாகச் சொல்லியிருந்த பாடப் பட்டியலில், எங்கள் இலக்கு வளாகம் கேட்கும் ஓர் இயற்பியல் பாடம் விடுபட்டிருந்தது அன்றுதான் தெரிந்தது. கவுன்சிலரைப் பார்க்க வேண்டாம் என்று இதற்குப் பொருளல்ல. அச்சிட்ட தாளோடு போய்ப் பாருங்கள்.

அதே அசிஸ்ட் பக்கம் பல்கலைக்கழகத்தில் தொடங்குபவருக்குப் பெரும்பாலும் உதவாது. வெளிமாநிலத்திலோ தனியாரிடமோ படித்த பாடத்துக்கு முன்கூட்டிய பொருத்தப் பட்டியல் அங்கே கிடையாது; எந்தப் பாடம் ஏற்கப்படும், எது வெறும் விருப்பப்பாட யூனிட்டாக ஒதுக்கப்படும் என்பது இடம் கிடைத்த பிறகுதான் தெரியவரும். எனக்குத் தெரிந்த ஒரு பையன் வெளிமாநிலத்தில் ஓராண்டு படித்துவிட்டுத் திரும்பியபோது, அவன் எடுத்திருந்த இரண்டு நிரலாக்கப் பாடங்களும் மேஜர் தேவைக்குப் பொருந்தவில்லை. அதே பாடங்களை வேறு எண்ணில் மறுபடியும் உட்கார்ந்து படித்தான்.

நாட்காட்டியும் முக்கியம். இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன என்பது பேச்சுக்குத்தான். டேக் விண்ணப்பத்தை இரண்டாம் ஆண்டின் செப்டம்பரிலேயே கொடுத்துவிட வேண்டும். யூசி விண்ணப்பம் அக்டோபரில் தொடங்கி நவம்பர் முடிவோடு ஏறத்தாழ முடிந்துவிடும். அப்போது கையில் இருப்பவை முதலாண்டு மதிப்பெண்களும் கோடைக்கால வகுப்புகளும் மட்டுமே. ஜனவரியில் இலையுதிர்காலப் பருவத்தின் மதிப்பெண்களைச் சேர்த்துத் தகவலைப் புதுப்பிக்க வேண்டும். ஏப்ரல் இறுதிக்குள் முடிவு வரும். ஜூன் 1க்குள் ஒப்புதல் தெரிவிக்க வேண்டும். ஆக, பள்ளி முடித்த களைப்பில் முதல் செமஸ்டரைச் சற்றுத் தளர்வாக எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கும் மாணவருக்கு இந்த வழியில் இடமே இல்லை. யூசி டிரான்ஸ்ஃபரில் பள்ளி மதிப்பெண்களைப் பார்ப்பதில்லை, எஸ்ஏடி நுழைவுத் தேர்வையும் பார்ப்பதில்லை. பள்ளியில் சறுக்கியவருக்கு இது பெரும் வரம். ஆனால் கல்லூரியின் முதல் மூன்று நான்கு மாதங்களிலேயே சறுக்கினால் அதைச் சரிக்கட்டப் போதிய பாடங்கள் மிச்சமிருக்காது.

கம்யூனிட்டி காலேஜைப் பற்றி இதுவரை நல்லதாகவே சொல்லிவிட்டேன். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நாடு முழுவதும் கம்யூனிட்டி காலேஜில் சேர்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான் நான்காண்டுக் கல்லூரிக்கு மாறுகிறார்கள். ஆறு ஆண்டுகளுக்குள் பட்டம் வரை போகிறவர்கள் ஆறில் ஒருவர் அளவுதான். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களும் டிரான்ஸ்ஃபர் நோக்கமே இல்லாதவர்களும் இந்தக் கணக்கில் அடக்கம் என்பது உண்மை. ஆயினும் அந்தச் சூழலில், வகுப்புக்கு வராவிட்டால் யாரும் வீட்டுக்குத் தொலைபேசி செய்யமாட்டார்கள். விடுதி இல்லை, வகுப்பு முடிந்ததும் எல்லோரும் வண்டி நிறுத்துமிடத்தை நோக்கி நடக்கிறார்கள். கால்குலஸ், இயற்பியல் வகுப்புகள் பதிவு தொடங்கியதும் நிரம்பிவிடும். புதிய மாணவருக்குப் பதிவு வரிசையில் கடைசி இடம். ஒரு குவார்ட்டரில் ஒரு கணக்குப் பாடம் கிடைக்காமல் போனால், அதைத் தொடர்ந்து வரும் பாடங்கள் எல்லாம் ஒரு படி தள்ளிப்போய், இரண்டு ஆண்டு மூன்றாகிவிடும். கல்லூரியின் ஆனர்ஸ் திட்டத்தில் சேர்ந்தால் பல இடங்களில் பதிவில் முன்னுரிமை கிடைக்கும்; யூசிஎல்ஏவுக்கு அது கூடுதல் பலனும் தரும். கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றையும் பெற்றோர் மறந்துவிடுகிறார்கள். மூன்றாம் ஆண்டில் புது வளாகத்துக்குள் நுழையும் மாணவருக்கு, பட்டம் வாங்குவதற்கு முன் ஒரே ஒரு கோடைக்காலம்தான் இருக்கிறது. அந்தக் கோடைக்கான மென்பொருள் இன்டர்ன்ஷிப் தேர்வுகள் அவர் வளாகத்தின் வழிகளை அறிந்துகொள்வதற்கு முன், ஆகஸ்ட், செப்டம்பரிலேயே தொடங்கிவிடுகின்றன. எந்த வழியில் டிரான்ஸ்ஃபர் ஆனாலும் இந்தச் சிக்கல் இருக்கிறது. ஆனால் முதல் இரண்டு ஆண்டுகளைப் பல்கலைக்கழகத்தில் கழித்தவருக்கு ஒரு பேராசிரியரின் ஆய்வகமோ, ஒரு மாணவர் அமைப்போ, ஒரு சிறு இன்டர்ன்ஷிப்போ ஏற்கெனவே தற்குறிப்பில் ஏறியிருக்கும் வாய்ப்பு அதிகம்.

பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுப்பது எப்போது சரி? டிரான்ஸ்ஃபர் கிடைக்காவிட்டாலும் அங்கேயே நான்கு ஆண்டும் படித்து முடிக்கப் பிள்ளை மனதாரச் சம்மதிக்கிறதா என்று கேளுங்கள். ஆம் என்றால், குறிப்பாக விரும்பிய துறையே கிடைத்திருந்தால், தரவரிசையை மறந்துவிட்டுச் சேரலாம். சான் ஹோசே ஸ்டேட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்த ஒருவர், பெர்க்லிக்கு டிரான்ஸ்ஃபர் ஆகும் நம்பிக்கையில் அதை உதறிவிட்டுக் கம்யூனிட்டி காலேஜுக்குப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கையில் இருக்கும் இடம் சிலிக்கான் பள்ளத்தாக்கின் நடுவில் இருக்கிறது, துறையும் உறுதி. மெர்செட்டிலோ ரிவர்சைடிலோ ஆய்வு வாய்ப்போடு சேர்ந்தவருக்கும் அப்படியே. "இங்கே ஒரு நாள்கூடக் கூடுதலாக இருக்க மாட்டேன்" என்ற மனநிலையோடு சேர்கிறவர் அங்கே நண்பர்களையும் தேடமாட்டார், பேராசிரியர்களையும் நெருங்கமாட்டார். அவருக்கு அந்தக் கட்டணம் வீண்.

இலக்கு தனியார் பல்கலைக்கழகம் என்றாலும் கணக்கு மாறும். அவற்றில் பல இரண்டாம் ஆண்டிலேயே சேர்த்துக்கொள்கின்றன. ஓராண்டு கழித்து விண்ணப்பிப்பவரின் பள்ளி மதிப்பெண்களையும் கேட்கின்றன. பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்களையும் எதிர்பார்க்கின்றன. மிக உயர்ந்த இடங்களில் டிரான்ஸ்ஃபர் இடங்கள் ஒரு கைப்பிடி அளவே. அவற்றிலும் கம்யூனிட்டி காலேஜ் ஒரு தடையாக இருப்பதில்லை: பல ஆண்டுகளாக டிரான்ஸ்ஃபர் வாயிலை மூடி வைத்திருந்த பிரின்ஸ்டன் 2018இல் அதை மறுபடி திறந்தபோது, கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களை முன்வைத்தே திறந்தது. தெற்குக் கலிஃபோர்னியாவின் யூஎஸ்சி ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட டிரான்ஸ்ஃபர் மாணவர்களைச் சேர்க்கிறது. பணத்தைப் பொறுத்தவரை ஒரு எச்சரிக்கை: முதலாண்டில் சேர்பவருக்குத் தரும் திறமை உதவித்தொகையைப் போல டிரான்ஸ்ஃபர் மாணவருக்குத் தருவது அரிது. பல்கலைக்கழகம் ஒன்று நான்காண்டுக்கு உதவித்தொகை தந்திருந்தால், பாதியில் விலகும்போது எஞ்சியது போய்விடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

வேறு மாநிலங்களில் வசிப்போர், கலிஃபோர்னியாவின் விதிகளைத் தம் மாநிலத்துக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது. ஃபுளோரிடாவில் கம்யூனிட்டி காலேஜின் ஏஏ எனும் இரண்டாண்டுப் பட்டம் மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஏதோ ஒன்றில் இடத்தை உறுதி செய்கிறது. விரும்பிய வளாகத்தையோ போட்டி மிகுந்த துறையையோ உறுதி செய்வதில்லை. வர்ஜீனியாவில் யூவிஏ (வர்ஜீனியாப் பல்கலைக்கழகம்) உள்ளிட்ட பல்கலைக்கழகங்களோடு உத்தரவாத ஒப்பந்தங்கள் உண்டு. நியூ ஜெர்சியில் 2008 முதல் மாநிலம் தழுவிய ஒப்பந்தம் ஒன்று இருப்பதால், எடிசனில் உள்ள மிடில்செக்ஸ் காலேஜில் முடித்த ஏஏ அல்லது ஏஎஸ் பட்டம், அரசுப் பல்கலைக்கழகத்தில் சேரும்போது பாதிப் படிப்பாக ஏற்கப்படும். டெக்சாஸில் நிலைமை தலைகீழ். யூடி ஆஸ்டினில் (டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகம்) முதலாண்டு இடம் கிடைக்காத உள்மாநில மாணவர் சிலருக்கு, ஆர்லிங்டன் போன்ற சகோதர வளாகம் ஒன்றில் ஓராண்டு படித்து, 30 கிரெடிட் மணிநேரப் பாடங்களை 3.2 ஜிபிஏவோடு முடித்தால் ஆஸ்டினின் லிபரல் ஆர்ட்ஸ் எனும் கலைப் பிரிவில் இடம் உண்டு என்ற கேப் திட்டம் அளிக்கப்படுகிறது. அந்தக் கடிதம் வந்த வீட்டில், தரவரிசையில் கீழே உள்ள பல்கலைக்கழகமே நேர்வழி. பொறியியல்தான் வேண்டும் என்றால் மட்டும் அந்த உத்தரவாதம் உதவாது.

விசா நிலை தனியாகக் கவனிக்க வேண்டியது, ஏனெனில் நம்மவரில் பலருடைய பிள்ளைகள் கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் எச்4 (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கான விசா) நிலையில் வளர்கிறார்கள். அவர்களுக்கு மத்திய அரசின் கல்வி உதவி கிடையாது. ஆகவே இரண்டாண்டுக்கு 2,760 டாலருக்கும் ஆண்டுக்கு 50,000 டாலருக்கும் இடையிலான வித்தியாசம் முழுவதும் பெற்றோரின் சட்டைப் பையிலிருந்துதான் வர வேண்டும். கலிஃபோர்னியாவில் எச்4 பிள்ளைகள் உள்மாநிலக் கட்டணத்துக்குத் தகுதி பெற வழி உண்டு. ஆனால் 21 வயது நிறைவடைந்ததும் எச்4 முடிந்து எஃப்1 எனும் மாணவர் விசாவுக்கு மாற நேரும். அந்தப் பிறந்தநாள் பெரும்பாலும் டிரான்ஸ்ஃபருக்குப் பிறகு, செலவு கூடிய மூன்றாம் நான்காம் ஆண்டுகளில் வரும், அப்போது உள்மாநிலக் கட்டணமே கேள்விக்குள்ளாகலாம். பிள்ளையின் 21ஆம் பிறந்தநாள் எந்தப் பருவத்தில் வருகிறது என்று குறித்துக்கொண்டு, பல்கலைக்கழகத்தின் வசிப்பிடத் தகுதி அலுவலகத்திடமும் ஒரு குடிவரவு வழக்கறிஞரிடமும் இப்போதே கேட்டுவிடுங்கள். தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ நேரடியாக எஃப்1இல் வருபவர்களுக்கு 46 டாலர் கணக்குப் பொருந்தாது. யூனிட்டுக்கு 300 டாலருக்கு மேல் ஆகும். ஆயினும் டேக் உத்தரவாதம் அவர்களுக்கும் உண்டு.

பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகு மனம் மாறினால் திரும்பி வர முடியும். ஆப்பிளை நிறுவியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வோஸ்னியாக், கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஓராண்டு இருந்துவிட்டு, டி ஆன்ஸாவுக்கு வந்து, பிறகு பெர்க்லிக்குப் போனவர்தான். ஆனால் யூசியின் முதல் வரிசையில் நிற்க, கம்யூனிட்டி காலேஜில் குறைந்தது 30 செமஸ்டர் யூனிட் முடித்திருக்க வேண்டும்; யூசிக்கு முன் கடைசியாகப் படித்த கல்லூரியும் அதுவாக இருக்க வேண்டும் (கோடை வகுப்புகள் கணக்கில் வாரா). பல்கலைக்கழகத்தில் யூனிட்களை அதிகமாகச் சேர்த்துக்கொண்டே போனால், சுமார் 80 செமஸ்டர் யூனிட்டைத் தாண்டியவரை நான்காம் ஆண்டு மாணவராகக் கருதிச் சில வளாகங்கள் மறுத்துவிடும். முழுக்கக் கம்யூனிட்டி காலேஜிலேயே படித்தவருக்கு இந்தத் தொல்லை இல்லை, அங்கே எத்தனை முடித்தாலும் 70க்கு மேல் கணக்கில் ஏறாது. முதல் கல்லூரியின் மதிப்பெண்கள் மோசமாக இருந்தால் அதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். படித்த ஒவ்வொரு கல்லூரியின் மதிப்பெண் பட்டியலையும் இடம் கிடைத்த பிறகு வரும் கோடையில் அனுப்பச் சொல்வார்கள்; மறைத்தது தெரிந்தால், கையில் வந்த இடமே ரத்தாகும்.